வாயில்லா ஜீவன்

கல்யாணமானவர்கள் எல்லாரும் காதில் 'இன்சொல்' என்ற கருவியை மாட்டிக்கொள்ளும் காலம். வீட்டில் யார் எப்படிக் கத்தினாலும் அது காதில் தேனாக மாற்றி ஊற்றும். அம்பத்தூர் தணிகாசலத்துக்கும் அவர் மனைவி பூங்கோதையின் குரல் வருடக்கணக்காக, "அன்பரே, தேநீர் ஆறுகிறது" என்றுதான் கேட்டது.

நிஜத்தில் என்ன சொல்லித் திட்டுகிறாள்? அந்த அரிப்பு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் ஒளித்தார். ஈரத்துண்டை வேண்டுமென்றே மெத்தைமேல் வீசிவிட்டுக் காத்திருந்தார்.

பூங்கோதை வந்தாள். துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"பரவாயில்லைங்க. டீ வச்சிருக்கேன், குடிங்க."

பக்கத்து பிளாட்காரரிடம் பேசுகிற குரல். திட்டத் திட்டப் பல்லைக் காட்டுகிறவரை எவ்வளவு நாள்தான் திட்டுவாள்?

ஹாலில் தரை பெருக்கும் இயந்திரத்திடம் அவள் குரல் உயர்ந்தது.

"ஏய் எரும! சோபாவுக்கு அடியில யாரு பெருக்குவா, உங்கப்பனா? மூஞ்சியப் பாரு. வா, வந்து சார்ஜ் ஏத்திக்க, காலையிலேர்ந்து காயுற."

கல்யாணமான புதிதில் அவருக்கு இப்படித்தான் சோறு போட்டாள்.

தணிகாசலம் எழுந்துபோய் இயந்திரத்தை ஓர் உதை விட்டார்.

"யோவ்! அறிவிருக்கா உனக்கு? வாயில்லா ஜீவன ஏன்யா ஒதைக்கிற?"

யோவ்! எத்தனை வருடமாயிற்று! அவருக்கு உச்சி குளிர்ந்தது. அவள் பார்க்கிறாள் என்பதை உறுதி செய்துகொண்டு, இன்னோர் உதை விட்டார்.