பச்சை மாவட்டம்

வேலை நிலவரச் செயலியில் திருப்பூர் ‘வேலை இல்லை’ என்று சிவப்பாகவும் தூத்துக்குடி ‘வேலை உண்டு’ என்று பச்சையாகவும் மாறிய அன்று, மயிலாத்தாளை அவசரப்படுத்தியவள் தங்காயாள்தான். பனியன் கம்பெனியில் ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்கடியில் துணியின் பழுது பார்க்கும் செக்கிங் வேலையில் மயிலாத்தாள் நிரந்தரம். பக்கத்தில் நின்று செக்கிங் பார்க்கும் தங்காயாள் தினக்கூலி.

"நீ முன்னால போயி வீடு பாருக்கா. நானும் ஒரு வாரத்துல வந்தர்றேன்."

மயிலாத்தாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் டி.சி.யோடு பஸ் ஏறினாள். தூத்துக்குடியில் ஏழு மாவட்டத்து ஆட்கள் அதே பச்சையைப் பார்த்து வந்து வரிசையில் நின்றார்கள். பத்தாம் நாள் தூத்துக்குடி சிவந்தது. ஆட்கள் கிளம்பிப்போன திருப்பூர் பச்சையானது.

அவள் தங்காயாளை வீடியோவில் அழைத்தாள்.

"மூட்டை கட்டிட்டே இருக்கேன்கா. கம்பெனிப் பக்கமே போகலை."

தங்காயாளின் முகத்துக்குப் பின்னால் செக்கிங் விளக்கு எரிந்தது. முகம் கழுவப் போகும்போதெல்லாம் மயிலாத்தாள் எடுத்து ஒட்டிவைத்த அரக்குப் பொட்டுகள் அதன் தண்டில் வரிசையாக இருந்தன.

"என்ற ஸ்டூலு உனக்கு ஒசரம் பத்துதா தங்கா?"

தங்காயாள் சட்டென்று குனிந்து ஸ்டூலைப் பார்த்தாள்.