ஐந்து மாத வித்தியாசம்

"ஏனுங்க அக்கா, மகன் இலியாஸ் பிறந்தது மார்ச்சுல. மகள் சாதியா அதே வருஷம் ஆகஸ்டுல. அஞ்சே மாசத்துல அடுத்த பிள்ளையா? கனடாக்காரன் சும்மா விடுவானுங்களா?"

ஊட்டி விசா ஏஜென்ட் சந்துரு இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மேசையில் வைத்தார்.

மஜீதா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "ஸ்கூல்ல சேர்க்கறப்ப தப்பாப் போட்டுட்டாங்க."

"யாரோடது தப்பு?"

"மகனோடது... இல்ல, மகளோடதுங்க."

"ஆஸ்பத்திரியில கேட்டு, சரியான சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி டிஎன்ஏ டெஸ்ட் கேப்பாங்க."

மஜீதா சட்டென்று எழுந்தாள். "கனடாவே வேண்டாமுங்க. அங்க இருக்கற எங்க ஊட்டுக்காரரைத் திரும்பி வரச் சொல்லிடறேன்."

சந்துருவுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். பக்கத்து நாற்காலியில் இருந்த இலியாஸ், அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"ரெண்டு தேதியும் சரிதானேம்மா? நீ பெத்த பிள்ளை நான் இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். சாதியா உன்னையே உரிச்சு வச்சிருக்கா. நான் யாரு மாதிரியும் இல்ல. வளர்ப்புப் பிள்ளைன்னே எழுதிக் குடும்மா. எனக்கு வருத்தமில்ல."

மஜீதா கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"அவ உரிச்சு வச்சிருக்கறது என்னை இல்லடா. பிரசவத்துல போன என் தங்கச்சியை."

கதவு திறந்தது. ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த சாதியா, காகிதங்களை மழையில் நனையாமல் அணைத்தபடி வந்தாள்.

"என்னம்மா, யாரோட தேதி தப்புன்னு சொல்லிட்டியா?"