நெம்மேலிப் பங்காளிகள்

"அந்தப் பேர் நமக்கு வேண்டாம்டா... கடலோரத்துலயே கெடக்கட்டும்..."

தாத்தா வரதராஜன் இப்படி ஏதோ சொல்வார். முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதெல்லாம் ரவிச்சந்திரனுக்கு மறந்துவிட்டது.

அந்தப் பேர் சாரங்கபாணி. தாத்தாவைப் பெற்றவர். மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிற குடும்பத்தில், அந்த ஒரு பேரை மட்டும் யாருக்கும் வைக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து திரும்பி, 2003-ல் கேளம்பாக்கத்தில் குடியேறிய ரவிச்சந்திரன், மகள் அனுவின் கல்யாண மண்டப வாசலில் மாட்டுவதற்கு வம்ச மரம் வரையக் கிளம்பினான். விசாரித்துக்கொண்டே போனால், நெம்மேலிக் குப்பத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சாரங்கபாணி!

அத்தை ஜெகதாம்பாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"ஊரே சிரிச்ச கதைடா. உன் கொள்ளுத்தாத்தாவுக்கு அங்கே ஒரு தொடுப்பு. அதனாலதான் தள்ளி வெச்சாங்கன்னு எங்கப்பா, அதான் உன் தாத்தா, சொல்லுவாரு. இல்லேன்னா குப்பத்துல வீட்டுக்கு வீடு அந்தப் பேர் எப்படி வரும்?"

"அப்போ அவங்க நம்ம பங்காளிங்க."

"வாயைக் கழுவு!"

"பங்காளிக்குத்தானே அத்தை முதல் பத்திரிகை? அங்கேதான் வைக்கப்போறேன்."

"அவங்க வந்தா நான் மண்டபத்துல கால் வைக்க மாட்டேன். தாயில்லாப் பிள்ளைன்னு உன்னை வளர்த்தேன் பாரு!"

"வராட்டிப் போங்க. ரத்தத்தை நான் மறைக்க மாட்டேன்."

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு நெம்மேலிக்குப் போய் இறங்கினான்.

இருக்கிற சாரங்கபாணிகளில் மூத்தவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், வழி தெரியலியா?"

ரவிச்சந்திரன் தான் யாரென்று சொன்னான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததையும் சொன்னான்.

"எங்க கொள்ளுத்தாத்தா இங்கே ஒரு குடும்பம் வெச்சிருந்தார். ஊர் என்ன வேணா பேசட்டும், நான் அவரை மன்னிச்சிட்டேன். நீங்க எங்க பங்காளி. முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்."

கிழவர் வலையைக் கீழே போட்டார்.

"நாக்க அடக்கு சார்! அவர மன்னிக்க நீ யாரு?"

"இல்லே... வீட்டுக்கு வீடு அவர் பேர்..."

"பேரு இருந்தா? ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. பெரிய புயல்ல குப்பமே அடிச்சிகினு பூட்ச்சி. கஞ்சிக்கு வழியில்ல. கோயில் நெல்லு கெடங்கு பூட்ட ஒடச்சி, அத்தினி பேருக்கும் சோறு போட்டாரு. அன்னிக்குப் பொழச்ச வூட்ல எல்லாம் தலைப்புள்ளைக்கு அவரு பேரு. எங்க நைனா எனக்கு வெச்சாரு. நான் என் பேரனுக்கு வெச்சிக்கீறேன்."

தட்டு கையிலேயே நின்றது. "அதுக்கா தள்ளி வெச்சாங்க?"

"திருட்டுப் பட்டம் கட்டித் தொரத்துனாங்க. ஒடச்சது இவருதான்னு பஞ்சாயத்துல கை காட்னது யாரு தெரியுமா? பெத்த புள்ள. வரதராஜன்."

"அது... எங்க தாத்தா."

"தெரியும். அதான் இன்னும் உன்ன ஒக்காரச் சொல்லல."

வம்ச மரத்தில் சாரங்கபாணிக்குக் கீழே நெம்மேலிக்காரர்கள் அத்தனை பேரையும் எழுதினான் ரவிச்சந்திரன். வரதராஜனையும் தன்னையும் எழுதவில்லை.