தொடாத எழுத்து

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்களேன். இத்தனை நாளா ஒழுங்கா இருந்துச்சு. இன்னிக்குக் கடைசி எழுத்து மட்டும் உளறுது."

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். பையை மாட்டிய ஆசிரியை திரும்பி வந்தாள். திரையில், கூப்பிட்ட மாணவி, பகலில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், முதன்முதலாக எழுதிய ப்ரோகிராம். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று இடம் தள்ளிச் செய்தியை மறைக்கும். வந்ததைப் பின்னோக்கித் தள்ளிப் படிக்கக் கொடுக்கும்.

"பாடத்துக்குச் செஞ்சதை நிஜமாவே வச்சுப் புழங்குறியா?"

"அக்காவுக்காக மேடம். அத்தான் கை நீட்டுற ஆளு. அவ போனை ஒரு வரி விடாம படிப்பார். அதான் இதையே அவ போன்லயும் ஏத்திக் குடுத்தேன். நாளைக்குக் காலையில போய் அவளைக் கூட்டிட்டு வரணும்."

"அடி அசடே! இது வெறும் தாழ்ப்பாள். பொறுமையா உட்கார்ந்தா யார் வேணாலும் திறந்துடுவாங்க. சரி, அக்கா என்ன சொல்றா?"

"'சமாதானமாயிட்டோம். நாளைக்கு நீ வராதே.' அந்தக் கடைசி எழுத்துதான் என்னமோ மாதிரி வருது."

"நல்ல சேதிதானே? விடு."

அவள் தலையாட்டினாள். கட்டி எடுத்து வந்திருந்த பயணப் பையை மேசைக்கடியில் காலால் தள்ளினாள். வாரக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

ஆசிரியை குனிந்து வரி வரியாகப் பார்த்தாள். "பிடிச்சுட்டேன். எழுத்தெழுத்தா தள்ளிட்டுப் போற உன் லூப் ஒரு எழுத்து முன்னாடியே நின்னுடுது. கடைசி எழுத்தை அது தொடுறதே இல்லை."

"மறைக்கும்போதா, திறக்கும்போதா?"

"ரெண்டுலயும்தான். தப்பு உன் பேர்லதான்டி. வந்த செய்தி சுத்தம். கடைசி எழுத்து வரைக்கும் கணக்கா தள்ளியிருக்கு, பாரு."

அந்தப் பெண் வந்த செய்தியின் கடைசி எழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, மேசைக்கடியிலிருந்து பையை வெளியே இழுத்தாள்.

"என்னடி, எங்க கிளம்பிட்ட?"

"அக்கா போன்ல இருக்கிறதும் இதே தப்பான ப்ரோகிராம்தான், மேடம். அதுல போட்டா கடைசி எழுத்து தள்ளாமதான் வரும். இதை அக்கா எழுதல."