படியேறாத நாற்காலி

"இறக்காதீங்க! வண்டியிலேயே இருக்கட்டும்!"

கடை முதலாளி அங்கமுத்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்து, சாய்வு நாற்காலியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரன் கபாலி கையை எடுத்தான்.

"இன்னா சாமி, நாற்காலியப் பாத்ததும் போலீஸப் பாத்த மாரி பதர்றாரு?"

ஸ்ரீரங்கன் முன்னிருக்கையிலிருந்து மெல்ல இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எழுபத்தைந்தைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரும் வரை கபாலி அவரைக் கேலி செய்துகொண்டே வந்திருந்தான்.

கேலிக்குக் காரணம் இருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு, மகன் ஸ்ரீவத்சன் அவருக்காக இந்தக் கடையில் வாங்கிய நாற்காலி இது. பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும், கால் உயரும். நேற்றுச் சாப்பிடும்போதுதான் மருமகள் ஸஹானா வாய் தவறிச் சொன்னாள்: கடைக்காரர் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார், நாற்காலியையும் நம்மையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று.

"எதுக்காம்?" என்றார் ஸ்ரீரங்கன்.

"மோட்டார் ரிப்பேர்னு சொன்னேம்ப்பா," என்றான் மகன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "இப்பல்லாம் அப்படித்தான். திரும்ப எடுத்துண்டு போறதுக்கு வண்டிக் கூலி, சரி பண்றதுக்கு ஒரு செலவு. அப்புறமும் யாரோ உக்காந்ததை யாரு வாங்குவா? நீங்களே வெச்சுக்கோங்கோன்னுடறது அவாளுக்கு லாபம்."

"மோட்டார் நன்னாத்தானேடா ஓடறது?"

மகன் மோரை ஊற்றிக்கொண்டான்.

ஸ்ரீரங்கனுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. பணமும் வீட்டில், பொருளும் வீட்டில்! மாட வீதியில் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒருவர் ஒரு சொல் சொன்னதுண்டா? காலையில் மகன் ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு வண்டி பிடித்துவிட்டார்.

"ஸ்ரீவத்சன் பேர்ல வாங்கின நாற்காலி இது," என்றார் இப்போது, குரலை உயர்த்தாமல். "திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்."

"தெரியுதுங்க ஐயா. அந்த கலர்ல ஒண்ணுதான் வித்தேன். பணத்ததான் அப்பவே அனுப்பிட்டேனே!"

"பணம் வந்ததனாலதான் பொருளும் வந்திருக்கு."

"நான் கேக்கலையே ஐயா!"

"நீங்க கேக்கலேன்னா நாங்க வெச்சுக்கலாமா?"

கபாலி தலையைச் சொறிந்தான். "அய்ய, ரெண்டு பேருக்கும் வாணான்னா எனக்குக் குடுத்துருங்க. நம்ம ஊட்ல குந்தறதுக்கு ஒரு ஸ்டூலுதான் கீது."

"உனக்கும் வேணாம்ப்பா!" என்றார் அங்கமுத்து பட்டென்று.

ஸ்ரீரங்கன் ஊன்றுகோலை அழுத்திக்கொண்டு ஒரு படி ஏறினார். "இதுல ஒரு பழுதும் இல்லை. நானே தினமும் இதுலதான் உக்கார்றேன்."

"இதுலயா?" அங்கமுத்து பின்வாங்கினார். "எப்படிங்க ஐயா மனசு ஒப்புது?"

சாட்டையால் அடித்தது போலிருந்தது ஸ்ரீரங்கனுக்கு. இந்த ஒரு கேள்வியை யாரும் தன்னைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவர் இத்தனை வருஷம் வாழ்ந்திருந்தார்.

"ஒப்பலை. அதனாலதான் கொண்டுவந்தேன். எங்காத்துல யாரும் பொய் சொல்லிப் பொருள் சேத்ததில்லை. மோட்டார் ரிப்பேர்னு உங்ககிட்ட சொன்னதா கேள்விப்பட்டேன். ஒரு ரிப்பேரும் இல்லை."

"மோட்டாரா?" அங்கமுத்து விழித்தார். "மோட்டார்னா மெக்கானிக்க அனுப்பி அரை மணி நேரத்துல சரி பண்ணியிருப்பேனே. அதுக்குப் போய் எவனாவது முழுப் பணத்தையும் குடுப்பானா?"

"பின்னே எதுக்குக் கொடுத்தேள்?"

அங்கமுத்து கடைக்குள் திரும்பிப் பார்த்தார். ஒரு தம்பதி சோபாவை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கீழே இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொல்லலீங்களா? அந்தத் தம்பி போன்ல அப்படி அழுதாரு. வாங்கி ஒரு வாரம்கூட ஆகலையாம். அவங்க அப்பா இதுல சாஞ்சபடியே போயிட்டாராம். சாவு விழுந்த நாற்காலியக் கடைக்குள்ள ஏத்தினா, நாளைக்கு எவன் ஐயா என் படி ஏறுவான்? அதான் பணத்த அனுப்பிட்டு, பொருள் வேணாம்னுட்டேன்."

ஸ்ரீரங்கன் நாற்காலியைப் பார்த்தார். தலை சாய்க்கும் இடத்தில் அவருடைய தேங்காயெண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. தினமும் அலுவலகம் கிளம்பும்போது அதன் பின்னால் நின்று, "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் மகன் போவான். இன்று காலையும் சொன்னான்.

அங்கமுத்துவின் கண்கள் மெல்லச் சுருங்கின.

"அப்ப மோட்டார்னு உங்ககிட்ட சொன்னது யாரு? அந்தத் தம்பி என்கிட்ட பொய்யா சொன்னாரு? எனக்கு உண்மை தெரியணும் ஐயா. போலீசுக்கே போவேன், விட மாட்டேன். முதல்ல, நீங்க அவருக்கு என்ன உறவு?"

சோபா பார்க்க வந்த தம்பதி வாசலுக்கு வந்து நின்றார்கள். கபாலியும் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தான்.

ஸ்ரீரங்கன் ஊன்றுகோலை நேராக ஊன்றி, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"பெரியப்பா. போனவன் என் தம்பி."