எழுந்திருக்காத மாமனார்

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் சோபாவுக்கு வந்துடறீங்களா?"

பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"இங்கயே சௌகரியமா இருக்கு மாப்பிள்ளை" என்று மாமனார் இன்னும் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்துகொண்டார்.

எதிரே டாக்டரின் பழைய வகுப்புத் தோழன் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். இப்போது பேர் போன ஆர்கிடெக்ட். கிளினிக்குக்கு வந்தவனை, "வாடா, எங்க வீட்டு லவுஞ்ச் சேரைப் பார்த்துட்டுப் போ" என்று டாக்டர்தான் கையோடு இழுத்து வந்திருந்தார்.

வளைத்த மரச் சட்டம், கறுப்புத் தோல் மெத்தை, கால் நீட்ட தனியாக ஒரு குட்டி ஸ்டூல். எந்தக் காலத்திலோ ஒரு மேல்நாட்டு டிசைனர் வரைந்த மாடலாம். ஆன்லைனில் பார்த்த அன்றே டாக்டர் மயங்கிவிட்டார். பாவம், கிளினிக்கில் நாள் முழுக்க அடுத்தவர்களைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைக்கிறவர். அதில் ஒருத்தராவது சந்தோஷமாகப் படுத்ததில்லை. வீட்டிலாவது பார்த்தவுடன் படுக்கத் தோன்றுகிற மாதிரி ஒன்று இருக்கட்டுமே!

நாற்காலி வந்தது. அதற்குப் பொருந்தவில்லை என்று திரைச்சீலை மாறியது. இடிக்கிறது என்று அலமாரி படுக்கையறைக்குப் போனது. ஈரத் தலையோடு சாயக் கூடாது, பின் பாக்கெட்டில் சாவி கூடாது, பக்கத்தில் காபி கூடவே கூடாது. இத்தனையும் தாண்டி அதில் உட்காரத் தகுதியுள்ள ஒரே ஆள் டாக்டர்தான். அவரும் உட்காருவதில்லை. சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர், இதுவரை அந்தத் திசைக்கே போனதில்லை. இன்றைக்குப் பார்த்தா சட்டமாக ஏறி உட்கார்ந்திருக்கிறார்!

"அசல் தோலாடா?" என்றான் ஆர்கிடெக்ட்.

"பின்னே? அசல்டா! டூப்ளிகேட்டை எல்லாம் நான் வீட்டுக்குள்ள விடுவேனா?"

அசல்தானா என்று டாக்டருக்கே ஓர் ஓரத்தில் சந்தேகம் உண்டு. அதனால்தான் குரல் அவ்வளவு ஓங்கி வந்தது.

"ஒரு நிமிஷம் உக்காந்து பாக்கட்டுமா?"

"தாராளமா! மாமா..."

மாமனார் ஜன்னலைப் பார்த்தார்.

"மாமா, உள்ள உங்க போன் அடிக்குது போல."

"அடிக்கட்டும். வேணும்னா திரும்பக் கூப்பிடுவாங்க."

"சரி, எல்லாரும் டைனிங் டேபிளுக்குப் போய் காபி குடிக்கலாமா?"

"எனக்கு மட்டும் இங்கயே கொண்டாம்மா."

டாக்டரின் மனைவி கொஞ்சமும் தயங்காமல், ததும்பத் ததும்ப ஒரு டம்ளரை அந்தத் தோல் மெத்தைக்கு மேலாகவே நீட்டினாள். டாக்டர் கண்ணாலேயே அவளை எரித்தார். அவள் இவர் பக்கம் திரும்பினால்தானே!

"பெரியவர் ஆசையா உக்காந்திருக்கார், விடுங்க" என்றாள் ஆர்கிடெக்டின் மனைவி.

கிளம்பும்போது ஆர்கிடெக்ட் சிரித்தான். "சீட்டு மாமனாருக்கு ரிசர்வ் ஆயிடுச்சுடா. நான் அடுத்த டிரிப்புக்கு வரேன்."

கதவைச் சாத்தியதுதான் தாமதம், டாக்டர் வெடித்தார்.

"வேலை பார்த்த காலமெல்லாம் ஊரையே சீட்டை விட்டு எழுப்பினீங்களே மாமா, வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம் எழுந்து குடுக்கத் தெரியாதா? என் மானமே போச்சு!"

மாமனார் கைப்பிடியை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. மகள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"மெதுவாப்பா..."

"ரெண்டு காலும் மரத்துப்போச்சும்மா."

அவர் எழுந்த இடத்தை டாக்டர் பார்த்தார்.

மெத்தையின் தையல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாயைப் பிளந்திருந்தது. உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்சுத் துண்டுகள். பிரிந்த தோலின் அடியில், மலிவான பைகளில் இருக்குமே, அதே வெள்ளை வலைத்துணி.

ரெக்ஸின்.

"எப்ப ஆச்சு இது?" டாக்டர் அந்த வலைத்துணியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காலையில தூசி தட்டினேன், அப்படியே பிளந்துக்கிச்சு" என்றாள் மனைவி. "உங்களுக்குப் போன் போட்டா, யாருக்கோ பல்லு பிடுங்கறீங்கன்னாங்க. அப்புறம் பார்த்தா, அவங்களையும் கூட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறீங்க."

"ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கலாமே?"

"போட்டா விட்டுவைப்பீங்களா? டிசைன் மறையுதுன்னு அவங்க முன்னாலயே உருவியிருப்பீங்க. என்ன பண்றதுன்னு நான் முழிச்சேன். அப்பாதான் 'நான் உக்காந்துக்கறேன், யாரும் எழுப்ப மாட்டாங்க'ன்னு போய் உக்காந்தார்."

சற்று முன்வரை அசல், அசல் என்று முழங்கியது நினைவுக்கு வர, டாக்டருக்குக் காது மடல் சுட்டது. செயற்கைப் பல்லை மாட்டிக்கொண்டு 'சொந்தப் பல்லு டாக்டர்' என்று சிரிக்கிற ஆசாமிகளைப் பார்த்து எத்தனை முறை உள்ளுக்குள் நக்கலடித்திருப்பார்! இப்போது தன்னைப் பார்த்தே சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரிப்புதான் வரவில்லை.

குனிந்து மாமனாரின் காலைப் பிடித்து நீவ ஆரம்பித்தார்.

"ஐயோ, என்ன மாப்பிள்ளை இது, விடுங்க!" பெரியவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உங்க ஃப்ரெண்டு மறுபடி வந்து கேட்டா, 'அசல் தோல்தான், கிழவன் உக்காந்து கிழிச்சுட்டான்'னு சொல்லிடுங்க. நான் ஆமான்னுடறேன்."