அப்பாவிடம் யார் சொல்வது?

“நம்ம பேஸ்பால் ஹீரோ மெரிக்கை நியூயார்க் டீமுக்குத் தள்ளிவிட்டுட்டானுங்கன்னு அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேண்ணே!” என்றாள் பெர்னீஸ்.

காரை ஓட்டிய ஒடெல் சிரித்தான். “போடி லூசு! பதிலுக்குப் பந்து வீசுற பசங்க மூணு பேரு வர்றாங்க. நல்ல பேரம்தான்.”

“மூணும் பொடிப்பயலுங்க! இனி சிகாகோவுல ஹோம் ரன் அடிக்க யாரு இருக்கா? அப்பா தாங்க மாட்டாரு. சீசன் முடியட்டும்.”

“பேஸ்பால் சேதியை அவர்கிட்ட என்னைக்காவது மறைச்சிருக்கோமா? நானே சொல்றேன், வா.”

இருவரும் இறங்கி, புல்வெளியில் நடந்து, அப்பாவின் கல்லறை முன் நின்றார்கள்.



போன வாரம் கல்லறை மேல் அவர்கள் வைத்துப்போன அணித் தொப்பி, கோபத்தில் வீசியெறிந்ததுபோல் பத்தடி தள்ளிக் கிடந்தது. பக்கத்துக் கல்லறையின் காகிதப் பூக்கள்கூடக் கலையவில்லை.

பெர்னீஸ் அண்ணனின் கையை இறுகப் பற்றினாள்.

“அவருக்குத் தெரிஞ்சிருச்சுண்ணே.”